பார்த்ததை மட்டும் எழுதுகிறவர்

‘மரத்தில் காக்கை இருந்தது, பறந்து போயிற்று’ என்று நீங்களும் நானும் எழுதுவோம். அவர் அப்படி எழுத மாட்டார். ‘மரத்தில் காக்கை இருந்தது. குழந்தையின் மூக்கைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தேன். காக்கை இல்லை’ என்று எழுதுவார். பறந்ததை அவர் பார்க்கவில்லையே!

ஜப்பானில் நாங்கள் இருந்த மூன்று வருடத்தில், என் மகனைப் பகல் நேரத்தில் பார்த்துக்கொண்ட குழந்தைகள் காப்பகத்தின் ஆசிரியை அவர். அங்கே ஆசிரியர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, சென்செய் என்பார்கள். நானும் பெயரை விட்டுவிடுகிறேன். வயது ஐம்பத்தைந்து இருக்கும். என் தோள் உயரம். கரடிப் படம் போட்ட ஏப்ரன், அதன் பையில் நூல் கட்டிய பென்சில். குழந்தை விழுந்தால் முதலில் தூக்குவார், இரண்டாவதாகத் துடைப்பார், மூன்றாவதாகப் பென்சிலை எடுப்பார்.

இப்போது நாமக்கல்லுக்கு வெளியே, அப்பாவின் கோழிப் பண்ணையை ஒட்டிய வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மகனுக்குப் பத்து வயதாகிறது. ஜப்பானிலிருந்து நாங்கள் கொண்டுவந்த சாமான்களில் பாதி உடைந்துவிட்டது, மீதியை உறவினர்கள் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். யாரும் கேட்காததால் அவர் எழுதிய ஏழு நோட்டுகளும் பத்திரமாக இருக்கின்றன.

எந்திர பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனிக்காக நகோயாவின் புறநகருக்குப் போனேன். அப்போது எனக்கு நாற்பதை ஒட்டிய வயது. கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்துப் பிறந்த பையன் அவன், நாங்கள் போனபோது ஒன்றரை வயது. என் மனைவி பரமத்தி வேலூர்ப் பக்கம், வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் குடும்பம். வீட்டில் சும்மா இருக்க முடியாதென்று சாப்பாட்டுப் பெட்டி அடைக்கும் தொழிற்சாலையில் அரைநாள் வேலைக்குச் சேர்ந்தாள். அதனால் பையன் காப்பகத்துக்குப் போனான்.

காப்பகம் என்றதும் ஆயா, தொட்டில் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு நாளைக்கு ஐந்து டயப்பர் கொடுத்தனுப்ப வேண்டும், ஐந்திலும் பையன் பெயரை எழுத வேண்டும். மாலையில் அவன் நனைத்த டயப்பர்களைப் பையில் போட்டு, முடிச்சிட்டு, இரண்டு கையாலும் நம்மிடமே திருப்பித் தருவார்கள். சம்பந்தி வீட்டுப் பலகாரம்போல அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ரயிலில் வருவேன்.

எல்லாவற்றுக்கும் மேல் அந்த நோட்டு. இடது பக்கம் பெற்றோருக்கு: காலையில் உடம்புச் சூடு எவ்வளவு, எத்தனை மணிக்குத் தூங்கினான், இரவு என்ன சாப்பிட்டான், வெளிக்குப் போனானா, எப்படிப் போனான். வலது பக்கம் ஆசிரியைக்கு. காலையில் நான் இடது பக்கத்தை நிரப்பிக் கொண்டுபோவேன். மாலையில் அவர் நிரப்பிய வலது பக்கத்தை, சமையலறையில் காய் நறுக்கும் மனைவிக்குத் தமிழில் வாசித்துக் காட்டுவேன். வணக்கம், நன்றி, விலை என்ன என்ற மூன்றைத் தாண்டி அவளுக்கு அந்த ஊர் பாஷை வரவில்லை. எனக்கு வரும். வாசிக்கும்போது கொஞ்சம் மெருகும் ஏற்றுவேன்.

ஒருநாள் பையன் கையில் பல் தடத்தோடு வந்தான். அவர் எழுதியிருந்தார்: ‘கடித்தவரை நான் பார்க்கவில்லை. அருகில் இருந்த ஐந்து குழந்தைகளின் வாயைத் திறந்து பார்த்தேன். எல்லோருக்கும் பல் இருக்கிறது.’

திருஷ்டிப் பொட்டில்தான் அவரை எனக்குச் சரியாகத் தெரிந்தது. முதல் நாள் என் மனைவி பையனுக்குக் கன்னத்தில் மை வைத்து அனுப்பினாள். அன்றைக்கு நோட்டில்: ‘கன்னத்தில் கரும்புள்ளி இருந்தது. துடைத்தேன்.’ இரண்டாம் நாள்: ‘அதே இடத்தில் மறுபடியும் இருந்தது. துடைத்தேன்.’ மூன்றாம் நாள் அவசரத்தில் மனைவி இன்னொரு கன்னத்தில் வைத்துவிட்டாள். ‘இன்று வலது கன்னத்தில் இருக்கிறது. எனவே இது மச்சம் அல்ல. துடைக்கவில்லை. இது என்ன?’

கண் படாமல் இருப்பதற்கு என்று மறுநாள் வாசலில் விளக்கினேன்.

“யாருடைய கண்?” என்று கேட்டார்.

“பொதுவாக, எல்லோருடைய கண்ணும்.”

“என்னுடையதுமா?”

“சேச்சே!” என்றேன். வேறென்ன சொல்வது?

இடுப்பிலிருந்த அரைஞாண் கயிற்றைப் பற்றியும் கேட்டார். அதுவும் காவலுக்குத்தான் என்றேன். “அது வேலை செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா?” என்றார். கிண்டல் துளியும் இல்லை, பென்சில் தயாராக இருந்தது. நாற்பது வருடமாக எனக்குத் தோன்றாத கேள்வி. ஆனால் அதன் பிறகு ஒருநாள்கூட அவர் பொட்டைத் துடைக்கவில்லை. சோறு ஊட்டி முகம் கழுவினால், கழுவுவதற்கு முன் பொட்டு எங்கே இருந்ததோ சரியாக அங்கேயே திரும்ப வைத்து அனுப்பினார். அதற்காக என் மனைவியிடம் சைகையிலேயே ஒரு மை டப்பா கேட்டு வாங்கி, கரடி ஏப்ரன் பையில் வைத்திருந்தார்.

என் பக்கத்துக்கு வருகிறேன். இரவு என்ன சாப்பிட்டான் என்ற கட்டத்தில் ‘தயிர்ச்சோறு’ என்று தொடர்ந்து பதினாறு நாள் எழுதியபின் எனக்கே வெட்கமாகிவிட்டது. பக்கத்து வீட்டுக் குழந்தைகள் எல்லாம் பூசணி, மீன், கீரை, கடற்பாசி என்று வாழும்போது என் பிள்ளை மட்டும் ஏன் இப்படி? ஆகவே கற்பனையில் சமைக்க ஆரம்பித்தேன். கம்பங்கூழ், கேழ்வரகுப் புட்டு, முருங்கைக்கீரைப் பொரியல். ஒரே வாரம்தான். ‘நேற்று முருங்கைக்கீரை என்று எழுதியிருந்தீர்கள். இன்று டயப்பரில் பச்சை நிறம் எதுவும் இல்லை. கேரட் இருந்தது. முருங்கைக்கீரை உள்ளே போனபின் கேரட் ஆகுமா? அறிய ஆவல்.’

அன்றே திருந்தியிருக்க வேண்டும். திருந்தவில்லை என்பதற்குச் சாட்சிதான் இந்தக் கதை.

சேர்த்த புதிதில் ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். அங்கே ஒரு வழக்கம்: எந்த உணவையும் குழந்தை முதலில் வீட்டில் சாப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும், இரண்டு முறை. ஒன்றும் ஆகவில்லை என்று பெற்றோர் வட்டம் போட்டால்தான் காப்பகத்தில் கொடுப்பார்கள். அரிசி, கேரட், பால், எள் என்று நீண்ட பட்டியல்.

எங்கள் வகையறாவில் இன்னொரு வழக்கம்: குலதெய்வம் கோயிலில் குழந்தைக்கு முடி எடுக்கிறவரை கவிச்சி கொடுக்கக் கூடாது. மற்ற வீடுகளில் பிறந்த வருடத்திலேயே எடுத்துவிடுவார்கள். எங்களுக்கு ஜப்பான் குறுக்கே வந்துவிட்டது. பதினோரு வருடம் காத்திருந்து பெற்றவள் அதில் அணுவளவும் தளர மாட்டாள்.

“ஏனுங்க, கவிச்சி ஆகாதுன்னு அந்தம்மாகிட்டச் சொல்லிப்போட்டீங்களா?”

“சொல்லியாச்சு.”

“முட்டையுந்தான?”

“எல்லாந்தான்.”

கறிக்கும் மீனுக்கும் நேரே ‘வேண்டாம்’ என்று கோடு போட்டது உண்மை. முட்டைக்கு வந்தபோது பேனா நின்றது. ஏனென்றால் அன்று காலைதான் சென்செய் என் ஊரைப் பற்றிக் கேட்டிருந்தார். நான் கால் மணி நேரம் பேசியிருந்தேன். எங்கள் ஊர் முட்டை ஊர், லாரி லாரியாகப் போகிறது, கப்பல் ஏறுகிறது, என் அப்பா கோழிப் பண்ணைக்காரர். அவரும் விடாமல் குறித்துக்கொண்டிருந்தார். அதே அம்மாளிடம், அதே நாளில், ‘என் பிள்ளை முட்டையைக் கண்ணால் பார்த்ததில்லை’ என்று எப்படிக் கொடுப்பது? வட்டம் போட்டேன். முதல் முறை, இரண்டாம் முறை, இரண்டிலும் ஒன்றும் ஆகவில்லை.

ஊரிலிருந்து அப்பா வீடியோவில் வருவார், முகத்துக்குப் பின்னால் கூண்டு கூண்டாகக் கோழிகள். முட்டை கவிச்சியில் சேராது என்பது பண்ணைக்காரரான அவர் கட்சி.

“ஏஞ்சாமி, என்ற பேரன் முட்டை திங்கறானா?”

“திங்கறானுங்கப்பா.”

“ஒரு நாளைக்கு எத்தன?”

“ஒண்ணுங்கப்பா.”

“ஒண்ணா! இங்க காக்காயே ரெண்டு திங்குது.”

ஆக, யாரும் சாப்பிடாத ஒரே முட்டையை மூன்று பேருக்கு மூன்று விதமாகப் பரிமாறிவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

ஆறு வாரம் கழித்து மதியம் காப்பகத்திலிருந்து போன். பையனுக்கு வாயைச் சுற்றித் தடித்துச் சிவந்துவிட்டது, இரண்டு முறை வாந்தி, மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறோம். நான் போய்ச் சேரும்போது மருந்து கொடுத்துத் தடிப்பு இறங்கத் தொடங்கியிருந்தது. பையன் சென்செயின் மடியில் உட்கார்ந்து நூல் கட்டிய பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தான். மதியச் சாப்பாட்டில் அன்றுதான் முதல்முறையாக அவன் வகுப்புக்கு முட்டை கொடுத்திருந்தார்கள். பின்னாலேயே மனைவி தொழிற்சாலைத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் சைக்கிளில் வந்து இறங்கினாள்.

“முட்டை குடுக்காதீங்கன்னு சொல்லியிருந்தும் ஏன் குடுத்தாங்களாம்? கேளுங்க!”

அந்த அறையில் இரண்டு பாஷையும் தெரிந்தவன் நான் ஒருவன்தான். சென்செய் பக்கம் திரும்பி, “என் மனைவி மிகவும் பயந்துவிட்டார்” என்றேன். அதுவும் உண்மைதானே.

“நான் பக்கத்திலேயே இருந்தேன்” என்றார் அவர். “முதல் தடிப்பு எந்த நிமிடத்தில் வந்தது என்று பார்க்கத் தவறிவிட்டேன். மிகவும் வருந்துகிறேன்.” எழுந்து, இடுப்புவரை குனிந்தார்.

“என்ன சொல்றாங்க?”

“தப்பு நடந்துபோச்சு, மன்னிச்சுக்கங்கன்னு சொல்றாங்க.”

“அதென்னுங்க நடந்துபோச்சு! எத்தன வருசம் கழிச்சுப் பொறந்த புள்ள! இனி அங்க அனுப்பறதில்ல. முனிசிபல் ஆபீசுக்கு எழுதிப்போடுங்க.” குனிந்தவர் நிமிரும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டாக்டர் நான் நிரப்பிய படிவத்தைப் புரட்டினார். “வீட்டில் இரண்டு முறை சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை என்றால், முட்டையாக இருக்காது. வேறு எதுவென்று தேட வேண்டும்.”

“டாக்டரு என்னங்க சொல்றாரு?”

“பையன் நல்லாருக்கானாம்” என்றேன்.

பொய் சொல்பவனுக்கு ஞாபகசக்தி வேண்டும் என்பார்கள். எனக்கு அதைவிட இரண்டு வாய் கூடுதலாகத் தேவைப்பட்டது.

மறுநாள் காலை பையனை வீட்டில் விட்டுவிட்டு, அவன் பையையும் நோட்டையும் வாங்கிவர நான் மட்டும் போனேன். சென்செய் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டிருந்தார். முன்கை முழுக்கப் பேனாவால் சின்னச் சின்ன வட்டம், ஒவ்வொன்றின் பக்கத்திலும் எழுத்து. புது சோப்பு, புது வண்ணக்கட்டி, எள், மேசை துடைக்கும் மருந்து. நேற்றிலிருந்து ஒவ்வொன்றாகத் தன் தோலில் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“எனக்கு ஒன்றும் ஆகவில்லை” என்றார். “ஆனால் எனக்கு வயது ஐம்பத்தைந்து, அவனுக்கு ஒன்றரை. அதனால் இதில் எதுவும் தெரியாது. இருந்தாலும் பார்த்தேன்.”

பிறகு, வேறு யாரைப் பற்றியோ சொல்வதுபோல, “சின்னக் குழந்தைகள் வகுப்பிலிருந்து என்னை எடுத்துவிடும்படி கேட்டிருக்கிறேன். எனக்குக் கண் சரியில்லை போலிருக்கிறது. ஏதோ ஒன்று என் முன்னாலேயே நடந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை” என்றார்.

நோட்டை நீட்டினார். நான்கு பக்கம். நிமிடம் நிமிடமாக அந்த மதியம். கடைசியில்: ‘வீட்டில் முட்டை சாப்பிட்ட இரண்டு முறையும் நீங்கள் என்னென்ன பார்த்தீர்கள்? சிறிய விஷயமானாலும் எழுதுங்கள். டாக்டருக்கு உதவும்.’

குனிந்து நன்றி சொல்லிவிட்டு ரயில் நிலையம் வரை நடந்தேன். அடுத்து வந்த ரயிலில் ஏறவில்லை. எள்ளும் சோப்பும் என்று அவர்கள் தேடிக்கொண்டே இருப்பார்கள். முட்டை மட்டும் சாப்பாட்டில் திரும்ப வரும். மனைவி சொன்னபடி அவனை அங்கே அனுப்பாவிட்டாலும் வேறொரு காப்பகத்துக்கு அதே படிவம்தான் போகும். என் வட்டத்தை நம்பி யாராவது ஊட்டுவார்கள். இதற்கிடையில் ஒரு நல்ல கண், தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு வேறு வகுப்புக்குப் போய்விடும். திரும்பி நடந்தேன்.

அவர் வாசலில் செருப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“சென்செய், அந்த இரண்டு முறை...”

“ஆம்?” பென்சில் வந்துவிட்டது.

“நடக்கவில்லை.”

“எது நடக்கவில்லை?”

“அவன் முட்டை சாப்பிட்டதே இல்லை. நேற்று நீங்கள் கொடுத்ததுதான் முதல். கொடுக்க வேண்டாம் என்று என் மனைவி சொல்லச் சொன்னாள். உங்களிடம் நான் சொல்லவில்லை. படிவத்தில் எழுதியது நான்.”

“பார்க்காமலா?”

“பார்க்காமல்தான்.”

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மடித்த கையை மெதுவாக இறக்கிவிட்டுக்கொண்டார். “அப்படியானால் முட்டைதான்” என்றார், தொலைந்த சாவி கிடைத்ததுபோல. உள்ளே ஓடி டாக்டருக்கு போன் செய்துவிட்டு வந்து, “ஒரே ஒரு கேள்வி. ஏன்?” என்றார்.

சொன்னேன். ஊர், பண்ணை, அப்பா, வெட்கம்.

“உங்கள் ஊரில் முட்டை சாப்பிடாத குழந்தையை நீங்கள் பார்த்ததே இல்லையா?”

யோசித்தேன். “பார்த்திருக்கிறேன். நிறைய.”

“அதற்காக யாராவது சிரித்ததைப் பார்த்திருக்கிறீர்களா?”

“இல்லை.”

குறித்துக்கொண்டார். நோட்டைத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டு, மாலையில் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

மாலையில் மனைவி வழக்கம்போல் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். மகன் தரையில் தட்டுகளை உருட்டிக்கொண்டிருந்தான். நோட்டைத் திறந்தேன்.

‘எட்டே காலுக்கு அப்பா வந்து போனார். எட்டே முக்காலுக்குத் திரும்ப வந்தார். இடையில் எங்கே இருந்தார் என்று தெரியாது. குழந்தை இதுவரை முட்டை சாப்பிட்டதில்லை என்று சொன்னார். முட்டை தர வேண்டாம் என்று அம்மா சொல்லியிருந்ததை என்னிடம் சொல்லவில்லை என்றும் சொன்னார். சொல்லும்போது இடது காலில் மட்டும் செருப்பு போட்டிருந்தார். இதை அம்மா கேட்டாரா என்பதை நான் எழுத முடியாது. நான் அங்கே இல்லை.’

ஒரு வரி விடாமல், மெருகும் இல்லாமல் வாசித்தேன். கத்தி நின்றிருந்தது.

“இன்னொருக்காப் படிங்க.”

படித்தேன்.

“அந்தம்மா மேலயா எழுதிப்போடச் சொன்னேன்!” என்றாள். “அத்தன தூரங் குனிஞ்சு கும்பிட்டாங்க. நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நின்னேன். நீங்க பக்கத்துல நின்னு பாத்துட்டுத்தான இருந்தீங்க?”

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கத்தியைக் கீழே வைத்தாள். “இத்தன நாளாப் படிச்சுக் காட்டுனீங்களே, அதுல எதுங்க நெசம்?” என்றாள். முதல் பக்கத்திலிருந்து திரும்ப வாசிக்க வைத்தாள். ‘வகுப்பிலேயே உங்கள் மகன்தான் கூர்மையானவன்’ என்று நான் வாசித்திருந்த நாளில் அவர் எழுதியிருந்தது: ‘இன்று எறும்பைப் பார்த்தான். எறும்பு கல்லுக்கு அடியில் போனது. கல்லைத் தூக்கவில்லை. அது வெளியே வரும்வரை உட்கார்ந்திருந்தான். நானும் உட்கார்ந்தேன்.’

வாசித்து நிறுத்தினேன். “நீங்க சேத்துச் சொன்னதுக்கு அந்தம்மா எழுதுனதே நல்லாருந்திருக்குது” என்றாள் மனைவி. என் எழுத்துக்கு இதுவரை கிடைத்த விமர்சனங்களில் இதுதான் சுருக்கமானது.

மூன்றாவது ஆள் பாக்கி. அப்பாவை வீடியோவில் கூப்பிட்டேன்.

“பையனுக்கு முட்டை ஒத்துக்கலீங்கப்பா.”

அப்பா செல்போனோடு கூண்டுகளைத் தாண்டி, வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் போனார்.

“உனக்கும் மூணு வயசு வரைக்கும் ஒத்துக்கலடா” என்றார், குரலைத் தாழ்த்தி. “மூஞ்சியெல்லாம் வீங்கிக்கும்.”

“எங்கிட்டச் சொல்லவே இல்லீங்களேப்பா!”

“வெளிய சொன்னா எவன் நம்ம பண்ணை முட்டைய வாங்குவான்? நீயும் ஆருகிட்டயும் சொல்லிப்போடாத.”

சென்செய் வகுப்பு மாற்றிக் கேட்டிருப்பதையும் மனைவியிடம் சொன்னேன். மறுநாள் காலை அவள் வேலைக்கு லீவு சொன்னாள். பையனுக்குச் சட்டை மாட்டி, கன்னத்தில் மை வைத்து, என்னோடு காப்பகத்துக்கு வந்தாள். சென்செய் வாசலுக்கு வந்தார். முந்தைய நாளின் பேனா வட்டங்கள் முன்கையில் இன்னும் முழுதாக அழியவில்லை. மனைவி அவரைப் பார்த்துத் தமிழிலேயே, “தப்பு எங்களுதுங்க. நீங்களே வெச்சுப் பாத்துக்கங்க. வேற கிளாசுக்குப் போயராதீங்க” என்றாள். நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன்.

“நீங்க சும்மா இருங்க” என்றாள்.

அன்று மாலை வாசித்த பக்கம் இது. மொழிபெயர்ப்பு மட்டும் என்னுடையது:

‘இன்று அம்மா வந்தார். ஏதோ சொன்னார், எனக்கு அந்த மொழி தெரியாது. குனிந்தார். நானும் குனிந்தேன். யார் முதலில் நிமிர்ந்தோம் என்று தெரியவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது குழந்தை என் விரலைப் பிடித்திருந்தான். வகுப்பு மாற்றக் கேட்ட கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். மதியம் பூசணிக்காய் முழுவதும் சாப்பிட்டான். இதை நான் பார்த்தேன்.’